சகலையின் லூப்

என் சகலை நல்லவன். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனைவியின் தங்கை கணவன். போன வருஷம் எங்கள் கம்பெனியில், அதுவும் எங்கள் டீமிலேயே சேர்ந்தான். சிபாரிசு செய்தது யார்? நானேதான்.

யார் சந்தேகம் கேட்டாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான். "அவரைப் பாருங்க, எவ்ளோ பொறுமை!" என்பாள் என் மனைவி, என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே. இந்த லட்சணத்தில் டீம் லீடர் பதவி காலியானது. பதினோரு வருஷமாக நான் காத்திருந்த பதவி.

எங்கள் சர்வரின் நடுவில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. பூட்டே கிடையாது. ஒரே நேரத்தில் அறுபது த்ரெட், அதாவது தனித்தனியாக ஓடும் அறுபது வேலைகள், அதில் கைவைக்கும். ஒவ்வொன்றும் 'நான் பார்த்தது அப்படியே இருக்கிறதா?' என்று ஒப்பிடும். இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த லூப் நான் எழுதியது. தோற்ற த்ரெட் அடுத்த நொடியே வந்து முட்டும், அறுபதும் முட்டிக்கொண்டே கிடக்கும். சகலை, தோற்றதைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வைத்தான். மறுபடி தோற்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அவ்வளவுதான், வேகம் மூன்று மடங்கு! மேனேஜர் மேடம் கைதட்டினார். நானும் தட்டினேன், வேறு வழி?

அவன் திருத்தியதில் தப்பு கிடைக்குமா என்று ஒரு வாரம் அந்த ப்ரோக்ராமை வரிவரியாக நோண்டினேன். மாட்டியது. லிஸ்டிலிருந்து ஒன்றை நீக்கினால், மெமரியில் அது இருந்த இடம் உடனே வேறொன்றுக்குப் போய்விடுகிறது. பழைய முகவரி, புது ஆள். முகவரியை மட்டும் ஒப்பிட்டால் 'அப்படியே இருக்கிறது' என்றுதான் தெரியும், லிஸ்ட் அறுந்துவிடும். மேனேஜர் முன்னால், டீமே பார்க்க, ஓட்டிக்காட்டினேன். அறுந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"இந்த வரி யார் எழுதினது?" என்றார் மேனேஜர்.

திரையில் வரிக்குப் பக்கத்திலேயே எழுதியவர் பெயர் வரும். என் பெயர் வந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. என் லூப் நத்தை வேகத்தில் ஓடியதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

"அண்ணா எழுதினதுன்னு நான்தான் சரிபார்க்காம விட்டுட்டேன் மேடம்," என்றான் சகலை. "ஆனா பாருங்க, தன்னோட தப்பை வேற யாராவது இப்படி எல்லார் முன்னாடியும் எடுத்து வைப்பாங்களா?"

மேனேஜர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்த ஒரு பேச்சால் அடுத்த வாரம் பதவி எனக்கே வந்தது. முதலில் ஓடிவந்து கைகொடுத்தவன் அவன்தான். அந்தச் சிரிப்பில் துளியாவது பொய் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.