இன்னொரு மூச்சு பொறுங்கள்

மிக்ஸி கம்பெனியில் அவருக்குக் கையேடு என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் கூப்பிடப்பட்டது. வேலை, ஸ்டோர் கிளார்க். ஸ்க்ரூ, வாஷர், அட்டைப்பெட்டி எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுத்து அவருக்கு இளவயதில் பிடித்த அரிப்பு. சொறிந்தால் சுகம், விட்டால் தூக்கம் வராது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகளெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தன.

ஒருநாள் முதலாளி, "நீதான் எப்பப் பாத்தாலும் எதையாவது கிறுக்கிக்கிட்டு இருக்கியே, மிக்ஸிக்குள்ள வைக்க ஒரு கையேடு எழுதிக் கொடுய்யா" என்றார். எழுதிக் கொடுத்தார். அது அச்சாகி, ஒவ்வொரு பெட்டியிலும் ஏறி ஊர் ஊராகப் போனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மிக்ஸியே ரிப்பேருக்குத் திரும்பி வந்தபோதும் கையேடு உடன் வரவில்லை. இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்?

அன்றிலிருந்து வருஷா வருஷம் திருத்தினார். மிக்ஸி மாறவில்லை, வாக்கியங்கள் மாறின. "மூடியைத் திறக்கும் முன் சிறிது நேரம் காத்திருக்கவும்" என்று முதல் பதிப்பில் இருந்தது. 'சிறிது நேரம்' அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் இப்படி எழுதினார்: "கத்தி நின்றுவிட்டது போலத் தோன்றும். இன்னொரு மூச்சு பொறுங்கள்." எழுதிவிட்டு மனைவியிடம் படித்துக் காட்டினார்.

"அரைக்கிறதுக்கு எதுக்குங்க இவ்வளவு அலங்காரம்?" என்றாள் அவள். அவள் அந்தக் கையேட்டைப் பிரித்ததே இல்லை. அவளுக்கு அரைக்கத் தெரியும்.

பிறகு முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். எல்லாரும் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்றும் முகத்துக்கு நேரே சார் என்றும் அழைத்தார்கள். வந்த கையோடு அவர் கையேட்டில் கை வைத்தார்.

"இனிமே வெறும் படம் போதும். இதையெல்லாம் யாரு படிக்கிறா?"

"படிக்கிறாங்க சார்."

"யாரு? ஒரே ஒரு ஆள் என் முன்னாடி வந்து, இந்த வரியைப் படிச்சேன்னு சொல்லட்டும். நான் விட்டுடறேன். இருக்கற ஸ்டாக் தீர்றவரைக்கும் டைம்."

கதைகள் அச்சாகாததைக் கையேடு எப்படியோ தாங்கிக்கொண்டார். அச்சானதை ஒருவரும் படிக்கவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. முதலில் மச்சானைக் கேட்டார். மச்சான் வீட்டில் கையேடு பத்திரமாக இருந்தது. ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில், நாலாக மடித்து.

அடுத்து ரிப்பேர் கவுன்ட்டரில் போய் நின்றார். சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேதான். வருகிறவர்களிடமெல்லாம், "கையேடு படிச்சீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் படித்திருந்தார்கள். இல்லை என்றால் வாரன்ட்டி கிடைக்காது என்று பயம். "அதுல போட்டிருக்கற மாதிரியேதான் சார் செஞ்சேன்" என்றார் மோட்டாரைக் கருக்கிக்கொண்டு வந்த ஒருவர். எந்த வரி என்று கேட்டால் மட்டும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். ரிப்பேர்க்காரர், "யோவ், வந்த கஸ்டமரை எல்லாம் பரீட்சை வெச்சு விரட்டாதய்யா" என்றார்.

ஸ்டாக்கில் கடைசிக் கட்டு பிரிக்கப்பட்ட அன்று ஒரு பெண்மணி வந்தார். மிக்ஸியைக் கொண்டுவரவில்லை. கையில் கையேடு இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

கையேடு கவுன்ட்டரைச் சுற்றி முன்னால் வந்தார். "நான்தாம்மா" என்றார்.

"நல்லதாப் போச்சு. நான் கொஞ்சம் கோபப்பட்டுட்டு வாயை மூடினா போதும், எங்க வீட்டுக்காரர் பிள்ளைங்ககிட்டப் போய், 'நின்னுட்ட மாதிரிதான் தோணும், இன்னொரு மூச்சு பொறுங்க'ங்கறாரு. இப்ப மூணு பேரும் சேர்ந்து சொல்றாங்க. மாமியார்கூட நேத்து சொல்லிட்டாங்க. முதல்ல அந்த வரியை எடுங்க!"

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். கையேடு அவர் முன்னால் போய் நின்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. "சார், படிச்சிருக்காங்க. வரியோட சொல்றாங்க. ஒரு குடும்பமே சொல்லுது சார்."

மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. "எடுத்துடறோம்மா. இனிமே எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான்" என்றார். பிறகு கையேட்டின் பக்கம் திரும்பி, "படிக்காம இருந்தவரைக்கும் தொல்லை இல்ல. பாருங்க, படிச்சா என்ன ஆகுதுன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

பெண்மணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கடைசிப் பக்கத்துல வயரைப் பத்தி இருக்கே, அதுவும் நீங்கதானா?"

கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான்: "வயரை இறுக்கிச் சுற்றாதீர்கள். இறுக்கிய வயர் உள்ளேதான் அறும். வெளியே தெரியாது."

"ஆமாம்மா, நான்தான்."

பெண்மணி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். "அது பரவாயில்ல" என்றார். கையேட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையேடு சட்டையைக்கூடக் கழற்றாமல் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இனிமே அச்சடிக்கவே மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு எழுதறீங்க?"

"அந்த வயர் வரியை அந்தம்மா பரவாயில்லன்னுதான் சொன்னாங்க," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "நல்லா இருக்குன்னு சொல்லல."