ஓடைக்கு அந்தப்பக்கத்து மிளகு

ராசிபுரம் பக்கத்தில் பிறந்த மேனகா, மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டு இளைஞன் செல்வத்தைக் கைப்பிடித்து மலையேறியபோது கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய பெங்களூர் கம்பெனி ஆறு மாதம் அனுமதி தந்திருந்தது. 2006 கார்த்திகையில் அந்தக் கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையிலிருந்த வேலையை முடித்தால் மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும். தாலியின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. புருஷனை விட்டு எப்படிப் போவாள், பாவம்.

அவள் எழுதியது ஒரு பிளக்இன், அதாவது பெரிய மென்பொருளோடு ஒட்டவைக்கும் சின்ன புரோகிராம். புரோகிராம் எழுதுகிறவர்களின் திரையில், ஒரு புராஜெக்டையும் அதன் பகுதிகளான மாட்யூல்களையும் மரமும் கிளையுமாகக் காட்ட வேண்டும். நான்கு மாட்யூல் உள்ள புராஜெக்டில் இரண்டுதான் தெரிந்தன. மூன்று நாள் தேடியும் பிழை பிடிபடவில்லை.

புதன்கிழமை, கண் எரிச்சல் தாளாமல் எழுந்து மாமியார் பாப்பாத்தியோடு காட்டுக்கு நடந்தாள். ஓடையைத் தாண்டியதும் மரமெல்லாம் மிளகுக்கொடி காய்த்துத் தொங்கியது. இது யாருடையது என்று கேட்டாள்.

பாப்பாத்தி இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"நல்லாக் கேட்ட போ கண்ணு. நம்ம காட்டையே யாருதுங்கறயே. உங்கப்பாரு ஊட்டாட்டம் வேலிக்குள்ள இருந்தாத்தான் நம்முளுதா?"

மேனகா வெட்கத்தோடு சிரித்தாள். பிறந்த வீட்டில் நிலம் முழுவதும் வீட்டைச் சுற்றி ஒரே வேலிக்குள். இங்கேயோ தினை மேட்டில், மரவள்ளி சரிவில், மிளகு ஓடைக்கு அப்பால். சிரிப்பு பாதியில் நின்றது. பிளக்இன்னையும் அவள் அப்படி வேலி போட்டுத்தான் எழுதியிருந்தாள். புராஜெக்டின் ஃபோல்டருக்குள் இருந்த மாட்யூலை மட்டுமே அது தேடியது. வெளியே இருந்த இரண்டும் அதன் கண்ணில் படவேயில்லை.

வீட்டுக்கு ஓடினாள். எந்த மாட்யூல் தன்னுடையது, எங்கே இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது என்று புராஜெக்டே பட்டியல் வைத்துக்கொள்ளும்படி மாற்றினாள். எங்கே கிடந்தாலும் இனி உறவு அறாது.

வெள்ளிக்கிழமை செம்மேடு பிரவுசிங் சென்டரிலிருந்து அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். வெளியே செல்வம் மொபெட்டைப் பிடித்தபடி நின்றான். பின்னால் அவளுடைய பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நாமக்கல் பஸ்ஸும் வந்து நின்றுவிட்டது.

மேலாளர் ஹேமலதாவின் பதில் வந்தது. நான்கும் தெரிகின்றன, அங்கிருந்தே வேலையைத் தொடரலாம் என்று எழுதியிருந்தார்.

மேனகா வெளியே வந்தாள்.

"ஏனுங்க, பெட்டிய அவுக்காதீங்க. ஊட்டுக்கே ஓட்டுங்க."

செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினான். அது முன்பே இறுக்கமாகத்தான் இருந்தது.