எக்ஸ்ரே அறையின் மந்தம்

ஒருவருடைய வேலையைப் பறிக்கும் பலம் உங்கள் கையெழுத்துக்கு உண்டா? உண்டென்றால், கடைசியாக ஒருவரை "பணியில் மந்தம்" என்று எழுதி அதன் கீழே கையெழுத்தைப் போட்டபோது, அவருடைய மேசைக்கு அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்தீர்களா?

எக்ஸ்ரே எடுப்பதால் எல்லோருக்கும் எக்ஸ்ரேக்காவாகிவிட்ட அந்தப் பெண்ணின் விஷயத்தில் யாரும் குனியவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அந்த மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும், படம் எடுக்க வேண்டும், அந்தப் படத்தைக் கணினி வழியாக மாடியிலுள்ள டாக்டரின் திரைக்கு அனுப்ப வேண்டும். எடுக்க ஒரு நிமிடம் போதும். போய்ச் சேரத்தான் பத்து, பதினோரு நிமிடம். உடைந்த கையைத் தாங்கிப் பிடித்தபடி மாடி வராந்தாவில் ஜனம் காத்துக் கிடக்கும். டாக்டர் நிர்வாக அதிகாரியைத் திட்டுவார். அதிகாரி எக்ஸ்ரேக்காவுக்கு மெமோ எழுதுவார்.

கணினி பதினைந்து வருடப் பழசு. எக்ஸ்ரே எந்திரத்தின் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். அதனால் அதை மாற்ற முடியாது. ஆளை மாற்றுவது சுலபம்.

இரண்டாவது மெமோவைக் கையில் கொடுத்து அதிகாரி சொன்னார்: "அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்மா. அதுக்குள்ள வேகம் வரலேன்னா மூணாவது மெமோ. மூணாவதுன்னா என்னன்னு உனக்கே தெரியும்."

தெரியும். வீடு.

கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பையனுக்கு முப்பது வயது. எல்லோரும் அவனைப் பிங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கணினியில் எந்தக் குறை என்றாலும் அவன் செய்வது ஒரே வைத்தியம்: பிங். இங்கிருந்து இன்னொரு கணினிக்கு "இருக்கியா?" என்று ஒரு சின்னஞ்சிறு செய்தி போகும், அங்கிருந்து "இருக்கேன்" என்று பதில் வரும். நான்கு முறை கேட்டு நான்கு முறை பதில் வந்தால் அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான்.

"லைன் கண்ணாடி மாதிரி இருக்குக்கா. நீங்க பட்டனைத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுறீங்களோ என்னமோ."

"ஏன்டா, நான் பக்கத்துல உக்காந்து விசிறி விட்டா வேகமா போகுமா?"

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "இந்த ரூமே ராசியில்லாத ரூம் தங்கச்சி. ரெண்டு வருஷத்துல நீ மூணாவது ஆளு."

"மத்த ரெண்டு பேரையும் என்னக்கா சொல்லி அனுப்புனாங்க?"

"இதேதான். மந்தம்னு."

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே மேசையைத் திசை மாற்றிப் போட்டிருப்பாள். எக்ஸ்ரேக்காவுக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று பேருக்கும் வேறு வேறு கை, வேறு வேறு வயது, வேறு வேறு சுபாவம். மூவரும் ஒரே மாதிரி மந்தமா? அப்படியானால் மந்தம் ஆட்களிடம் இல்லை. அவர்களுக்குப் பொதுவாக இந்த அறையில் இருக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. ராசி என்பது தேடச் சோம்பல்பட்டவர்கள் வைத்த பெயர்.

அவள் கணவர் தையல் மெஷின் மெக்கானிக். சோறு சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாரு. ரெண்டை ஒண்ணா மாத்தினா, எதனால சரியாச்சுன்னு உனக்கே தெரியாது. அப்புறம் என்னை மாதிரி ஊசியையும் நூலையும் சேர்த்துத் திட்டிக்கிட்டு இருப்ப."

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். ஒரு பழைய பூட்டை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி நேரம் குறித்தாள். கட்டடத்தில் வேறு ஆளே வராத காலை ஏழரைக்கு: பதினோரு நிமிடம். ஆக, நெரிசல் காரணமில்லை. அதே படத்தைக் கணினிக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்தால்: இரண்டு விநாடி. ஆக, கணினி கிழடானாலும் கால் திடம்தான். கேபிளை மாற்றினாள்: பதினோரு நிமிடம்.

வியாழக்கிழமை வரவேற்பறைக் கணினியைக் கெஞ்சிக் கூத்தாடி அரைமணி நேரத்துக்கு வாங்கினாள். தூக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நோயாளிக்கு என்னம்மா?" என்றார் எதிரே வந்த காவலாளி.

"நோயாளி இல்லண்ணே, இவருதான் டாக்டர்."

தன் அறைக் கேபிளை அதில் செருகிப் பூட்டின் படத்தை அனுப்பினாள். நான்கு விநாடி! கேபிள், சுவர்ப் பொருத்தி, வராந்தாவிலுள்ள சுவிட்ச் பெட்டி எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. குறை தன் கணினிக்குள், அந்தக் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டில்.

பிங்கு வந்து உதட்டைப் பிதுக்கினான். "கார்டு செத்துப்போச்சுக்கா. இவ்வளவு பழசுக்கு இனிமே எங்க போறது? பழுதுன்னு எழுதி ஓரங்கட்டிட வேண்டியதுதான்."

"நீ கேட்டா நாலு தடவையும் இருக்கேன்னு சொல்லுதே. செத்தவன் பதில் சொல்வானா?"

பிங்கு மறுபடி ஒரு பிங் தட்டிப் பார்த்தான். நான்கு பதிலும் வந்தது.

"சின்னச் செய்தி போகுது, பெரிய படம் போக மாட்டேங்குது. அது ஏன்னு சொல்லு. சுவிட்ச் பெட்டி இருக்குற அலமாரியைத் திற."

வராந்தா அலமாரிக்குள் சுவிட்ச் பெட்டி இருந்தது. எல்லாக் கணினிகளின் கேபிள்களும் அதில்தான் வந்து சேரும். ஒவ்வொரு துளைக்கும் மேல் இரண்டு சின்ன விளக்குகள். மற்றத் துளைகளில் இரண்டுமே எரிந்தன. எக்ஸ்ரே அறையின் துளையில் ஒன்றுதான் எரிந்தது. அறைக்குள் துப்புரவுக்காரர் சுட்டெலியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"அக்கா, இப்ப அனுப்புங்க!"

"தட்டிட்டேன் தங்கச்சி! வெடிச்சிராதுல்ல?"

அணைந்திருந்த இரண்டாவது விளக்கு துடிதுடிக்க ஆரம்பித்தது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பிங்கு வாசித்தான். எரிந்தால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். அணைந்தால், ஒருவர் மாற்றி ஒருவர்தான். துடித்தால், பேச்சு மோதுகிறது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஓடிப்போய்க் கார்டின் செட்டிங்கைத் திறந்தான். "ஒரே நேரத்தில் இருவழி" என்று கையால் நிலைநிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கை அவனுடையதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு, பழைய பெட்டி இருந்தபோது, வேகம் கூடும் என்று செய்தது. அப்போது கூடவும் செய்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த புதுப் பெட்டியோ, "எப்படிப் பேசலாம்?" என்று ஒவ்வொரு கணினியையும் தானே கேட்கும். கையால் நிலைநிறுத்திய கார்டு அதற்குப் பதிலே சொல்லாது. பதில் வராவிட்டால் பெட்டி, ஒருவர் மாற்றி ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளும். ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றது குறுக்கே பேசும். "இருக்கியா" என்ற ஒரு சொல் இடுக்கில் நுழைந்து போய்விடும். பெரிய படம் துண்டு துண்டாக மோதிச் சிதறி, மறுபடி மறுபடி அனுப்பப்பட்டு, தவழ்ந்து போய்ச் சேரும்.

செட்டிங்கைத் தானியங்கிக்கு மாற்றினான். இரண்டாவது விளக்கு எரிந்தது. பூட்டின் படம் நான்கு விநாடியில் மாடிக்குப் போயிற்று.

"அப்பாடா! சரியாயிடுச்சு. திங்கக்கிழமை நீங்க தப்பிச்சீங்க, விடுங்கக்கா."

"நான் தப்பிச்சேன். எனக்கு முன்னாடி போனவங்க?"

அவள் நோட்டைப் பார்த்து ஒரு கடிதம் எழுதினாள். தேதி, நேரம், விநாடி, காரணம். கீழே தனக்கும் பிங்குவுக்குமாக இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டாள். பிங்கு கையைப் பிசைந்தான். "என் வேலைக்கே உலை வெக்கிறீங்களேக்கா."

"நீ தெரிஞ்சு செய்யல. அதையும் எழுதியிருக்கேன், படி. ஆனா இப்ப மறைச்சா, அது தெரிஞ்சு செய்யுறது."

கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டான்.

திங்கட்கிழமை அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "உன் மெமோ ரெண்டையும் கிழிச்சுடறேன். போதுமில்ல? போனவங்க போனதுதான்."

"மந்தம்னு எழுதினது அவங்க சர்டிபிகேட்ல இருக்கு சார். போற இடத்துல எல்லாம் அதைத்தானே காட்டணும்? எழுதினது நீங்க. அடிச்சுத் திருத்த வேண்டியதும் நீங்கதான்."

"நீ யாரும்மா எனக்குச் சொல்ல?"

"அடுத்ததா போயிருக்க வேண்டியவ சார்."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: சம்பந்தப்பட்டவர்கள் இம்மாத இறுதிக்குள் நேரில் வந்து விண்ணப்பித்தால், சான்றிதழ் திருத்தித் தரப்படும். தவறு செய்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தவறு இழைக்கப்பட்டவர் தேடி வந்து விண்ணப்பிக்க வேண்டுமாம்! ஆனாலும் எழுத்தில் வாங்கிவிட்டாள்.

முதலில் வேலை இழந்த நெட்டையான ஆளைப் பேருந்து நிலையச் சீட்டு வழங்குமிடத்தில் துப்புரவுக்காரரே கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார். இரண்டாவது ஆள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். கைபேசி எண்ணும் மாறிவிட்டது. இடதுகைப் பழக்கம், வலது புருவத்தில் தையல் தழும்பு, குழந்தைகளைப் படம் எடுக்கும்போது அழாமலிருக்க விசிலடிப்பார். முப்பத்தைந்து வயதிருக்கும். தான் மந்தம் என்று அவர் இந்நேரம் நம்பியும் போயிருக்கலாம்.

மாத முடிவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. அவரை எங்காவது கண்டால், தயவுசெய்து நிறுத்திச் சொல்லுங்கள்: தவறு உங்களுடையதல்ல, கணக்கெடுத்து நிரூபித்தாகிவிட்டது, உடனே எக்ஸ்ரே அறைக்கு வாருங்கள்.