ஐயாவை எழுப்பிய கடா

வீட்டில் ஒரு பிராணி வளர்த்தால் பிரஷர் குறையும், மனக்கவலை தீரும் என்று இப்போது டொக்டர்மார் சொல்கிறார்களாம். என் மருமகள் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டினாள். எனக்கு அதை ஒருவரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. படுத்த பாயிலிருந்து எங்கள் ஐயாவை ஓர் ஆட்டுக்கடா எழுப்பி நடக்க வைத்ததைச் சிறுமியாக இருந்தபோதே பார்த்தவள் நான். அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்தேன். அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒன்றும் இருக்கவில்லை.

வலிகாமத்தில் எங்களுக்கு ஒரு புகையிலைத் தோட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் கிணற்றின்மேல் போட்ட துலா மரத்தால்தான் தண்ணீர் இறைப்பு. மேலே துலாவில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே கிணற்றடியில் நிற்பவர் ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். எங்கள் வீட்டில் மிதிப்பது அண்ணை, பட்டை பிடிப்பது ஐயா. ஒரு மார்கழி விடியலில், பனியில் நனைந்திருந்த துலாவில் அண்ணையின் கால் வழுக்கிவிட்டது. ஐயாவின் காலடியில்தான் வந்து விழுந்தான். வீட்டுக்குத் தூக்கிவரும்போதே உயிர் போய்விட்டது.

செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்தபின் ஐயா முற்றத்தோரக் கொட்டிலில் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு எழும்பவில்லை. கதைக்கவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சி இறங்கும். பரியாரியார் வந்து நாடி பிடித்தார், கசாயம் கொடுத்தார், எண்ணெய் கொடுத்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். தோட்டம் காய்ந்து சருகாகிப் போயிற்று. அம்மா ஒருநாள் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு வைரவர் கோயிலுக்குப் போய், மனுசன் எழும்பி நடந்தால் வேள்வியில் வெட்ட ஒரு கடா தருகிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்தாள்.

நேர்ந்தால் கடாவைக் குட்டியிலேயே பிடித்து, காது நுனியில் வெட்டி அடையாளம் வைத்து வீட்டில் வளர்க்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்து, வேறு நிழல் இல்லாதபடியால் ஐயா படுத்திருந்த கொட்டிலின் மரக்காலிலேயே கட்டினாள். தாயைப் பிரிந்த குட்டி, காது வேறு வெட்டுப்பட்டது, விடாமல் கத்தியது. நான் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த நாள் மத்தியானம் கொட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, யாரோ அந்நியருடையதுபோல இருந்தது.

“உதுக்கு ஆரும் தண்ணி வைச்சனீங்களே?”

அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஐயா முற்றத்துப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குட்டி அவருடைய விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நடந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. குட்டிக்குத் தின்ன இலைகுழை வேண்டும். குழை வேலிப் பூவரசில் இருக்கிறது. அதை வளைத்து இழுக்கக் கொக்கத்தடியோடு ஒரு ஆள் எழும்பிப் போக வேண்டும். ஐயா எழும்பிப் போனார். முதலில் வேலிவரை, பிறகு ஒழுங்கைவரை, பிறகு ஊரெல்லாம். நடந்தவருக்குப் பசித்தது. சாப்பிட்டவருக்கு நித்திரை வந்தது. குட்டி வளர்ந்து கொழுத்த கடாவானது. ஐயா நாக்கைத் தட்டி ஒரு சத்தம் போட்டால், எங்கே நின்றாலும் உடம்பை ஒருதரம் உதறிவிட்டு ஓடி வரும். ஒருநாள் அது தோட்டக் கிணற்றடிக்குப் போய்விட, பின்னால் போன ஐயா நெடுநேரம் அங்கே நின்றுவிட்டு, வாளியால் தண்ணீர் அள்ளி அதற்கு வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் அண்ணையின் பெயரைச் சொல்லி அழுதார். அதுவரை அவர் அழவேயில்லை.

பரியாரியார் தன் கசாயம்தான் கேட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அம்மா வைரவர் என்றாள். கடாவுக்கு ஒருவரும் பேர் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் வைகாசி பிறந்தது. வேள்விக்கு நாள் வைத்தார்கள்.

“வேறை கடா ஒண்டு வாங்கிக் குடுப்பம். உதை விடு,” என்றார் ஐயா.

“காது வெட்டி நேர்ந்தது இதையெல்லோ? வேறை கடா எண்டு வைரவருக்கு ஆர் சொல்லுறது, நீங்களோ?” என்றாள் அம்மா. பிறகு குரல் உடைந்துவிட்டது. “இஞ்சருங்கோ, இதைக் குடாமல் விட்டு, நீங்கள் திரும்பவும் போய்ப் படுத்தியள் எண்டால் நான் ஆரிட்டைப் போவன்?”

ஐயா கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார். பிள்ளையைப் பறிகொடுத்தவளோடு எந்தத் தகப்பன் வாதாடுவான்? அம்மாவில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். என்மேல் வருகிற அந்தக் கோபமும் சேர்ந்து அவளில்தான் விழுகிறது.

கடா வேறு யாருக்கும் பின்னால் போகாது. அதனால் மாலை போட்டு, பறைமேளத்தோடு ஐயாவே அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கோயிலில் பூசாரி கடாவின் மேல் தண்ணீர் தெளிப்பார். அது உடம்பை உதறினால் வைரவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டமாட்டார்கள், திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஐயா கயிற்றைக் கொடுத்துவிட்டுச் சனத்துக்குள் விலகி நின்றார். எங்கள் கடாவுக்குத் தெளித்தார்கள். அது அசையாமல் நின்றது. திரும்பவும் தெளித்தார்கள். தண்ணீர் முதுகால் வழிந்தது, கடா நின்றபடியே நின்றது. சனம் குசுகுசுத்தது. உதறாதே, உதறாதே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடா தலையைத் திருப்பிச் சனத்துக்குள் யாரையோ தேடியது. ஐயாவைக் கண்டது. அவர் நாக்கைத் தட்டவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. ஆனாலும் அவரைக் கண்ட சந்தோஷத்தில் எப்போதும்போல உடம்பை உதறிவிட்டு அவரிடம் போகக் கால் எடுத்தது. மேளம் முழங்கியது.

ஐயா வீட்டுக்கு வந்து பாயை விரித்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பரியாரியார் வந்தார், போனார். அம்மா திரும்பவும் ஈரச்சேலையோடு கோயிலுக்குப் போனாள். இன்னொரு குட்டி வந்தது. அதுவும் கறுப்பு, தேடி அலைந்து பிடித்தது. காதை வெட்டி அதே கொட்டில் காலில் கட்டினாள். அது கத்தியது. நான் தண்ணீர்ச் சட்டியை எடுத்தேன்.

“வையாதை பிள்ளை,” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பொறு. உன்ரை ஐயா கேப்பார்.”

குசினிவாசலில் இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறியது. குட்டி தொண்டை வற்றக் கத்திக் கத்திக் கடைசியில் குரல் அடைத்துப் படுத்துவிட்டது. ஐயா சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அம்மா என் கையை விட்டாள். நான் போய்த் தண்ணீர் வைத்தேன்.