கெரிப்பல் வீட்டுக் கறிச்சாடி

எத்லிண்டா கெரிப்பலுக்கு அறுபத்தைந்து வயது. கெர்ன்சி தீவின் கண்ணாடிக் குடில்களில் முப்பது வருடம் தக்காளி பொறுக்கிப் பெட்டியில் அடுக்கியவள். இரண்டு புருஷன்மாரை வழியனுப்பி வைத்தவள். ஒருவரைக் கல்லறைக்கு, மற்றவரை எதிரித் தீவான ஜெர்சிக்கு. இரண்டாமவரைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவளுடைய தீராத வழக்கு ஒரு மண்சாடி பற்றியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வீடுகளில் எரிக்க ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஊரே பீன்ஸ் சாடியைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடை அடுப்புக்குப் போகும், ஞாயிறு காலையில் போய் எடுத்து வரும். நாற்பத்து மூன்றில் ஒரு ஞாயிறு, சாடி மாறிவிட்டது. கெரிப்பல் வீட்டுக்கு வந்தது பக்கத்து டொமேல் வீட்டுச் சாடி. உள்ளே பீன்ஸும் டர்னிப்பும். போனதோ கறி போட்ட சாடி! முயல் கறி என்று அப்பா வீட்டுக்குள்ளேயே புலம்பினார். பூனை என்று அம்மா பத்து வருடம் கழித்து எத்லிண்டாவிடம் மட்டும் சொன்னாள். யார் வீட்டுப் பூனை என்று அம்மாவுக்கும் தெரியாது.

இப்போது அந்தச் சாடி போர்க்கால அருங்காட்சியகத்தில், பொம்மைக் குடும்பம் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. 'டொமேல் குடும்பத்தின் சாடி' என்று அட்டை வேறு. காவலுக்கு நின்றவனும் வெஸ்லி டொமேலேதான்.

எத்லிண்டா தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள். தடுமாறி, வாசலில் நின்ற ஜெர்மன் சிப்பாய் பொம்மையைப் பிடிக்க, அதன் கை கழன்று அவள் கையோடு வந்துவிட்டது.

"ஏய் எத்தி! வெளிய வா! கைய வை கீழ!"

"எந்தக் கையடா? அட்டைய மாத்து, அப்புறம் வைக்கிறேன். இது எங்க சாடி. காது உடைஞ்சிருக்கு பாரு, நான்தான் உடைச்சேன்."

"தீவுல எந்தச் சாடிக்கு முழுக் காது இருந்துச்சு?"

"உனக்கு இருக்கே ரெண்டு, நல்லாக் கேளு. திருட்டுச் சாடி!"

வெஸ்லி கையைக் கட்டிக்கொண்டான். "சரி, உங்களுதுன்னா அன்னைக்கு உள்ள என்ன இருந்துச்சு? சொல்லு, இப்பவே மாத்தறேன்."

"கறி!"

அவன் முகம் தொங்கிப் போயிற்று. மெதுவாகப் பொம்மை அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சு போச்சு எத்தி, எங்களுது இல்லன்னு. தங்கச்சி ஐவி காய்ச்சல்ல கிடந்தா. அந்த வாரம்தான் எங்க பூனை மார்மலேடும் காணாமப் போச்சு. மார்மலேட், மார்மலேட்னு ஒரே அழுகை. கறிய வாயில வெச்சதும்தான் அழுகைய நிறுத்தினா. எந்திரிச்சு உட்கார்ந்து எலும்பெல்லாம் சப்புனா. இன்னைக்கும் போன் பண்ணா அந்தக் கறியப் பத்தித்தான் பேசுவா." மூக்கை உறிஞ்சினான். "என்ன கறி அது, முயலா?"

டொமேல் வம்சத்தையே தலைகுனிய வைக்க நாற்பத்தைந்து வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்த சொல். எத்லிண்டா அதை எச்சிலோடு விழுங்கினாள்.

"முயல்தான். பின்ன?"

வெஸ்லி பேனாவை எடுத்து அட்டையில் டொமேல் என்பதை அடித்தான், கெரிப்பல் என்று எழுதினான். "உங்கப்பா கில்லாடி போ. அந்தப் பஞ்சத்துல முயல எங்க போய்ப் புடிச்சாரு?"

"ரொம்ப தூரம் போகலடா," என்றாள் எத்லிண்டா.