கடைசித் தெருவுக்குத் தண்ணீர் விட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்ட குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் பலருக்கும் இந்த நினைவு மலர் வந்து சேரும். உங்களில் பலர் அறியாத ஒன்றைத் தம்பியான நான் சொல்லியாக வேண்டும்.

மோகனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்த அக்கா, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார். இளம் வயதிலேயே மாமா தவறிவிட, கறவை மாடுகளை வைத்தே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார்.

ஆற்றோரக் கிணற்றிலிருந்து ஊருக்குக் குழாய் வந்தபோது, அதை ஊராரே நடத்தக் குழு அமைத்து அக்காவைத் தலைவி ஆக்கினார்கள். சில மாதங்களில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோனது. மேலத்தெருவில் சிலர் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சினோம். ஆம், நானும்தான். கோழிப்பண்ணைக்காக அக்காவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, முதலில் உங்கள் தம்பி வீட்டில் கழற்றுங்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அக்கா குழாய் வேலைக்காரரோடு என் வீட்டுக்கு வந்தார். வெயிலில் கோழி செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"கோழிக்கு வண்டித் தண்ணி வாங்கிக்கலாம் சாமி. அந்தத் தெருப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போகாம கொடத்தோட நிக்குதுங்க."

கழற்றி முடிக்கும்வரை அவர் நகரவில்லை. அந்த வாரமே மற்றவர்களும் கழற்றினார்கள். நான் ஏழு மாதம் அக்காவிடம் பேசவில்லை. அவரோ தினமும் என் வீட்டுக்குப் பால் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சமூகப்பணி படிக்கும் மாணவிகள் ஒருநாள் குழுவைப் பார்க்க வந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நானும் நின்றேன். இந்த வேலையில் எது கடினம் என்று ஒரு பெண் கேட்டாள்.

"அடுத்தவங்ககிட்டக் கண்டிப்பா இருக்கறது லேசுங்க. எந்தம்பி ஊட்டுல கழட்டுனதுதான் கஷ்டம். இன்னமும் அவன் பேசலீங்க" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். பால் வாங்க வந்தேன் என்றேன். உட்காரச் சொல்லிச் சோறு போட்டார். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

கடைசி மூன்று வாரம் சேலத்தில் மருத்துவமனையில் இருந்தார். மருத்துவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கடைசித் தெருப் பெண்கள் ஐவர் முறை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, அக்காவுக்குத் தலைவாரி, கஞ்சி ஊட்டி, பக்கத்திலேயே இருந்தார்கள். இம்மலரின் உறவினர் பட்டியலில் முதலில் இருக்கும் ஐந்து பெயர்களும் அவர்களுடையவை.