அறுபத்தொரு திருத்தங்கள்

எங்கள் பிளம்பிங் கடைக்கு இணைய மேப்பில் பக்கம் திறந்தவள் நான்தான். கோவையில் பொறியியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குக் குன்னூர் வந்த ஒரு மதியம் கடைப் பெயர், வேலை நேரம், போன் எண், ஷட்டருக்கு முன்னால் எடுத்த ஒரு படம் எல்லாவற்றையும் ஏற்றினேன். அப்பாவிடம் அன்று பட்டன் போன்தான். அதனால் அவருடைய கூட்டாளியின் மின்னஞ்சலில் பக்கத்தைத் திறந்தேன். தவறு அங்கேதான் நடந்தது, செய்தவள் நான்.

கூட்டாளியைச் சித்தப்பா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். இதை எழுதும்போது அந்த உறவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டாளி கடையில் உட்கார்ந்து சாமான் விற்பார், போன் எடுப்பார். வீடு வீடாகப் போய் வேலை செய்தவர் அப்பா. ஆகவே மேப்பில் எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அப்பாவைப் பற்றித்தான் எழுதினார்கள். குல்லா போட்ட பெரியவர் வேலை முடிந்ததும் குளியலறையைத் தானே துடைத்துவிட்டுப் போனார். உறைபனியில் குழாய் வெடித்த காலையில் ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்றார். ஆறு வருடத்தில் இப்படி நூற்றுக்கும் மேல் சேர்ந்தது.

போன வருடம் ஒரு காட்டேஜில் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து அப்பா முட்டியை உடைத்துக்கொண்டார். நான்கு மாதம் வீட்டில் இருந்தார். நடக்க ஆரம்பித்துக் கடைக்குப் போனபோது பெயர்ப்பலகை வேறாக இருந்தது. வாடகை ஒப்பந்தம் கூட்டாளியின் பெயருக்கு மாறியிருந்தது. மேப்பிலும் பெயர், எண், படம் எல்லாம் மாறியிருந்தன. விமர்சனங்கள் மட்டும் அப்படியே இருந்தன. குல்லா போட்ட பெரியவருக்குக் கிடைத்த நட்சத்திரங்கள் அவரை வெளியே தள்ளியவரின் பெயருக்குக் கீழே இருந்தன.

இங்கே பாதி காட்டேஜ்களின் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் பிளம்பர் எண்ணைச் சேமித்து வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் மேப்பில்தான் தேடுவார்கள். அப்பா சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அது அடிக்கவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

"பக்கத்தை அப்பாவுக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"ஏங்கண்ணு, மேப்புல இருக்கறது என்ன, உங்கப்பன் பேருக்குப் பட்டா போட்ட எடமா?" என்றார் கூட்டாளி. கவுன்ட்டரில் சாய்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "முட்டி செரியாகட்டும். அண்ணனை நம்ம கடைக்கே வேலையாளா வரச் சொல்லு. ஏணி ஏற வேண்டாம், கீழ நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாப் போதும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வேலை செய்வது மென்பொருள் சோதனையில், வீட்டிலிருந்தபடியே. கோபம் வந்தால் பட்டியல் போடுவேன்.

பக்கத்தின் உரிமை கேட்டு விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் கூட்டாளி மறுத்தார். மேல்முறையீடு செய்தேன். மேப் நிறுவனத்தார் பெயர்ப்பலகையைக் காட்டி வீடியோ அனுப்பச் சொன்னார்கள். பலகை அவருடையது. அப்பாவுக்குப் புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். ஒரு விமர்சனமும் இல்லாத அந்தப் பக்கம் தேடினால் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்தது. மூன்றையும் பட்டியலில் அடித்தேன்.

பிறகு ஒருநாள் பழைய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா தன் விமர்சனத்துக்குக் கீழே, "ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், இன்னும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை" என்று சேர்த்திருப்பதைப் பார்த்தேன். தேதியும் புதிதாகி, அது பக்கத்தின் மேலே ஏறியிருந்தது. பக்கம் கூட்டாளியுடையதாக இருக்கலாம், ஆனால் விமர்சனம் எழுதியவருடையது. எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

எழுதியவர்களைக் கண்டுபிடிக்க அப்பா தேவைப்பட்டார். புதுப் பக்கத்துக்காக என்று மட்டும் அவரிடம் சொன்னேன். நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"பேரெல்லாம் தெரியாது கண்ணு. கீசர் வால்வு மாத்துன ஊடுதானே? அரவேணு தாண்டி, டீத் தோட்டத்துக்கு மேல, ரெண்டு மாடி. தொட்டி பைப்ப நட்டநடு ஹால் வழியா இழுத்திருப்பாங்க. எவனோ ஒரு புண்ணியவான் பண்ணுன வேலை."

வீடு தெரிந்தால் அக்கம்பக்கத்தில் கேட்டு எண் வாங்கிவிடலாம். பேசுவதற்கு முன் எனக்கு மூன்று விதிகள் எழுதிக்கொண்டேன். நட்சத்திரத்தைக் குறைக்கச் சொல்லக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. அழக் கூடாது.

வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை முதலில் அழைத்தேன்.

"உங்கப்பாதானே எங்க ஊட்டுப் பரண் மேல உக்காந்துக்கிட்டு, கீசர வாங்குனவன் எவன்னு கேட்டவரு?"

"ஆமாங்க."

"வாங்குனவன் நாந்தான். நல்ல மனுசன். என்ன எழுதணும், சொல்லு."

எல்லோருக்கும் ஒரே வாசகத்தைத்தான் அனுப்பினேன்: "இந்த வேலையைச் செய்தவர் இப்போது இந்தக் கடையில் இல்லை. இந்த எண்ணுக்கு அழைத்தால் அவர் வரமாட்டார்." ஓர் ஆசிரியை மட்டும் மறுத்தார். "எங்க ஊட்டுக்கு வந்தது உங்கப்பா இல்லம்மா, அந்தக் கடைக்காரருதான். நான் மாத்த மாட்டேன்." அவர் சொன்னது நியாயம். அவர் பெயரை எடுத்துவிட்டேன். மற்றவர்களில் அறுபத்தொரு பேர் திருத்தினார்கள்.

அந்த மூன்று வாரமும் காலையில் டீயோடு அந்தப் பக்கத்தைத்தான் படித்தேன். தினம் மூன்று நான்கு ஏறியிருக்கும். வரமாட்டார், வரமாட்டார், வரமாட்டார் என்று பக்கம் முழுக்க ஒரே வாசகம். எனக்கு வருத்தமே வரவில்லை. டீ நன்றாக இருந்தது.

நான்காவது வாரம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, கூட்டாளி வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். கையில் இருந்த சோதனையை முடிக்கும்வரை அவரை வாசலில் நிற்க வைத்தேன்.

"கண்ணு, இது நல்லால்ல."

"எதுங்க?"

"நேத்து ஒருத்தன் போன் பண்ணி, வராத பிளம்பர் நீங்கதானான்னு கேக்கறான்."

"போனீங்களா?"

"போனேன்."

"அப்ப அவரையும் எழுதச் சொல்லுங்க."

அப்பா உள்ளிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தார். என்ன எழுதினார்கள் என்று கேட்டார். போனைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

கூட்டாளியிடம் என் நிபந்தனைகளைச் சொன்னேன். பக்கத்தை இங்கேயே, இப்போதே மாற்றித் தர வேண்டும். அதற்கு முன், கடையில் என்னிடம் சொன்னதை அப்பாவிடம் ஒருமுறை சொல்ல வேண்டும்.

"அது ஏதோ பேச்சுவாக்குல..."

"அதே பேச்சுவாக்குல சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலையாளா வரச் சொன்னேனுங்ணா. ஸ்பேனர் எடுத்துக் குடுக்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "கூலி என்னன்னு சொன்னியா?"

"இல்லீங்ணா."

"அதச் சொல்லாம நா எப்படி வர்றது?"

என் பட்டியல் எதிலும் அவ்வளவு கூர்மையான ஒன்று இல்லை. கூட்டாளி போனை எடுத்து என்னை உரிமையாளராகச் சேர்த்தார். முழு உரிமையை மாற்ற ஒரு வாரம் ஆகும் என்று அது காட்டியது. ஆகவே அடுத்த வாரமும் அவர் எங்கள் படியேற வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரக் காத்திருப்பை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களுக்கு நன்றி. இரண்டாம் முறை அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். உட்கார நாற்காலியை நான் நகர்த்திப் போடவில்லை.

பெயரை மாற்றினேன், அப்பாவின் எண்ணைப் போட்டேன். மறுநாள் காலை போன் அடித்தது. அப்பா ஒலிபெருக்கியில் போட்டார். அரவேணு பக்கம் தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மா.

"ஏனுங்க, சிங்க்கு அடைச்சுக்கிச்சு. ஆனா இந்த நம்பருக்குக் கூப்புட்டா வரமாட்டாருன்னு அறுவது பேரு எழுதியிருக்காங்களே. வருவீங்களா, மாட்டீங்களா?"

நான் கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்தேன். என்னென்ன தவறு நடக்கக்கூடும் என்று பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சோதிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த வாசகம் இப்போது அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்தது.

"அந்த வராத ஆளு நாந்தானுங்க" என்றார் அப்பா. "ஒரு மணி நேரத்துல வர்றேன்."

சாயங்காலம் திரும்பி வந்ததும், "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிரு கண்ணு. அவம் பேரு ஊரெல்லாம் நாறிக் கெடக்குது. இருவது வருசம் கூட இருந்தவன்" என்றார்.

"அதனாலதாம்ப்பா" என்றேன்.

யாரையும் அழிக்கச் சொல்லவில்லை. உரிமையாளர் பதில் எழுதலாம் அல்லவா. அறுபத்தொன்றுக்கும் கீழே உட்கார்ந்து எழுதினேன்: "நீங்கள் எழுதியபோது அது உண்மை. பக்கம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இப்போது திரும்பக் கிடைத்துவிட்டது. மேலே உள்ள எண்ணுக்கு அழையுங்கள், வருவார்." நடந்ததைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். போன் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அடிக்கிறது. பாதிப் பேர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத்தான் குழாயைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கூட்டாளி தன் கடைக்குப் புதிதாகப் பக்கம் திறந்திருக்கிறார். இதுவரை ஒன்பது விமர்சனங்கள், எல்லாம் ஐந்து நட்சத்திரம். ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும். திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் அவருடைய மைத்துனர் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். போலி என்று புகார் செய்ய இரண்டு முறை அழுத்தினால் போதும். இன்னும் அழுத்தவில்லை. ஐம்பது சேரட்டும் என்றிருக்கிறேன்.